அசைபோட மறந்த காட்டெருமை

காட்டெருமை முரடனுக்கு ராத்திரி பகலா ஒரே நெனப்பு. கொம்பு மோதலுக்கு இன்னும் பத்தே நாள்! ஜெயிக்கறவங்கதான் ஒரு வருஷம் கூட்டத்துக்கு முன்னால நடக்கணும். போன தடவ அக்கா காரிகிட்ட தோத்துப் போயிருந்தான்.

நரி வந்துச்சு. வாயில ஒரு மூட்டை.

"தம்பி, இது அமினோ பொடி! நேரா சதையில போய் ஒட்டும். இனி படுத்துப் படுத்து அசைபோடணுங்கற அவசியமே இல்ல!"

"ஒனக்கு என்ன லாபம்?"

"ஜெயிச்சதும் 'நரியோட பொடியாலதான்'னு காடே கேக்கறாப்ல கத்து. போதும்!"

அன்னைக்கே முரடன் மேய்ச்சல விட்டான். அசைபோடறதயும் விட்டான். பொடிய நக்குறது, மரத்துல முட்டுறது. அவ்வளவுதான்.

காரிக்கு எரிச்சல் தாங்கல. "டேய், அமினோங்கறது என்னன்னாவது தெரியுமா? நாம திங்கற சாப்பாட்டுல இருக்கற புரதத்தோட துண்டுடா! நம்ம வயித்துல கண்ணுக்குத் தெரியாத கோடி உசுரு குடியிருக்கு. வெறும் புல்லுலேருந்தே அந்த அமினோவ அதுங்க செஞ்சு குடுக்குது!"

"பொறாம ஒனக்கு! போக்கா!"

"சீக்காளிக்கு வைத்தியர் பாத்துக் குடுத்தா சரி. கல்லு மாதிரி இருக்கற ஒனக்கு என்னடா கேடு? மூட்டைக்குள்ள வேற என்ன கலந்திருக்குன்னு கேட்டியா?"

முரடன் கேக்கல.

மோதல் நாள். முரடன் வயிறு உப்பி நின்னுச்சு. மூச்சு வாங்குச்சு. காரி ஒரே தள்ளு! முரடன் பொத்துனு விழுந்தான்.

நரி ஓடி வந்துச்சு. "அடடா! ரெண்டு மடங்கு போட்டிருக்கணும் தம்பி!"

"இன்னுமா?" காரி கொம்ப ஆட்டுனா. "தோத்தா அவன் கொறவாத் தின்னது காரணம், ஜெயிச்சா ஒன் பொடி காரணம்! நல்லா இருக்குடா ஒன் நியாயம்! ஓடுறியா, முட்டட்டுமா?"

நரி மூட்டையப் போட்டுட்டு ஓடுச்சு.

முரடன் தலையத் தொங்கப் போட்டான். "அக்கா, மானமே போச்சு."

"எந்திரி! நாம காட்டெருமைடா. புல்லத் தின்னுட்டுப் புலியவே யோசிக்க வைக்கற சாதி! எந்த நரியோட மூட்டைக்குடா இந்த ஒடம்பு கடன்பட்டிருக்கு?"

காரி முன்னால நடந்தா. கூட்டமே நெஞ்ச நிமித்திக்கிட்டு அவ பின்னால போச்சு.

நல்ல சாப்பாடு குடுக்கற பலத்தக் கைவிட்டுட்டு, கேள்வி கேக்காம பொடிய நம்புறவன், இருக்கற பலத்தையும் தொலைப்பான்.