ஓடி ஓடி நின்ற மெஷின்

மலையில் புகை தெரிந்த அன்று காலை சொரிமுத்து குருவிடம் போய் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, கோபத்தை எப்படி ஜெயிக்கது?"

குரு உலகம்மை அப்போது முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"புல் வெட்டுத மெஷின் ஓடுதா?"

"இல்லம்மா."

"முதல்ல அதை ஓட வையுங்க. கோபம் எங்கேயும் ஓடிப் போயிராது."

சொரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. அவர் குருவைவிட வயதில் மூத்தவர். ஒரு காலத்தில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டியவர். கிளீனரைக் கை நீட்டி அடித்து, அது போலீஸ் வரை போய், அந்தக் கோபத்தைத் தொலைக்கத்தான் இந்த ஆசிரமத்துக்கு வந்தார். வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஆசிரமம் பொதிகை அடிவாரத்தில் இருந்தது. பின்பக்கம் மலையை ஒட்டி ஒரு பெரிய சரிவு. கோடையில் அங்கே இடுப்பளவு புல் காய்ந்து நிற்கும். மலையில் தீப்பிடித்தால் அந்தப் புல்லைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்கும். அதனால் வெயில் ஏறுவதற்கு முன்பே சரிவை வெட்டிச் சுத்தமாக்கிவிட வேண்டும்.

போன வருஷம் வெட்டவில்லை. மெஷின் ஓடவில்லை என்று விட்டுவிட்டார்கள். தீ இறங்கி வந்தது. ஆசிரமம் கல் கட்டடம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சரிவின் ஓரத்தில் குடிசை போட்டு ஆடு வளர்க்கும் ஆவுடையின் கொட்டில்தான் எரிந்தது. கட்டிக் கிடந்த ஆடுகள் கயிற்றை அறுக்க முடியாமல் உள்ளேயே செத்தன.

அன்று முதல் ஆவுடை தினமும் காலையில் ஆசிரமத்து வாசலில் வந்து நின்று திட்டுவாள். ஆசிரமத்திலோ உச்சிப்பொழுது வரை மௌனம். குருவிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் மட்டும் பேசலாம். ஆகவே அவள் திட்டத் திட்ட எல்லோரும் கைகூப்பிச் சிரிப்பார்கள். மௌனம் முடிந்த பிறகு ஒருவராவது அவள் குடிசைக்குப் போய் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். போகவில்லை. பாவம், அவர்களுக்குத் தியானம் இருந்தது.

இந்த வருஷமும் புல் நின்றது. மலை உச்சியில் தீ ஏறிவிட்டது என்றும், காற்று திரும்பினால் நாளைக்குள் கீழே வந்துவிடும் என்றும் வனத்துறை ஆள் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆவுடை இனிமேல் இவர்களை நம்பிப் பயனில்லை என்று தன் பக்கத்திலிருந்து அரிவாளால் தானே வெட்ட ஆரம்பித்திருந்தாள். அவ்வளவு பெரிய சரிவு. ஒற்றை ஆளால் முடிகிற வேலையா அது?

குரு முறத்தை வைத்துவிட்டு எழுந்து கூடத்துக்கு வந்தார். சொரிமுத்து தரையில் பழைய வேட்டியை விரித்து மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"கார்புரேட்டர்தாம்மா. சந்தேகமே இல்ல," என்றார். "கழத்திக் கழுவி மாட்டினா ஜோரா ஓடுது. கொஞ்ச நேரத்துல உயிரை விட்டுருது. திரும்பக் கழுவினா திரும்ப ஓடுது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போக விடாம எங்கேயோ அடைச்சிக்கிட்டே இருக்கு."

போன வருஷத்திலிருந்து அவர் செய்ததையெல்லாம் சொன்னார். மெல்லிய கம்பியால் பெட்ரோல் பீய்ச்சும் துளையைக் குத்தி ஊதினாராம். உள்ளே இருக்கும் ஜவ்வை மாற்றினாராம். காற்று வடிகட்டியைச் சோப்புப் போட்டு அலசினாராம். அம்பாசமுத்திரத்துக்குப் போய்ப் புது பெட்ரோல் குழாய் வாங்கி வந்தாராம். ஸ்க்ரூவைக் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் திருகிப் பார்த்தாராம். கடைசியில் ஒரு புது கார்புரேட்டரே வாங்கி மாட்டினாராம். அதுவும் இப்படியே ஓடி ஓடி நின்றதாம்.

குருவும் மெஷின் தெரிந்தவர்தான். துறவுக்கு முன்னால் அப்பாவின் பம்புசெட்டுக் கடையில் கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தவர். ஆனால் இந்த மெஷினை அவர் ஒரு நாளும் வந்து எட்டிப் பார்த்ததில்லை.

"கழத்துறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"டேங்கைத் திறந்து பெட்ரோலை வடிச்சிருவேன்."

"மாட்டின பிறகு?"

"திறந்து திரும்ப ஊத்துவேன்."

"இப்ப மாட்டுங்க."

மாட்டினார். பெட்ரோல் ஊற்றி மூடினார். கயிற்றை இழுத்ததும் மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. சொரிமுத்து குருவைப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் மெஷின் தடுமாறியது, இருமியது, நின்றது. அவர் கை ஸ்க்ரூடிரைவரைத் தேடிப் போனது.

குரு அந்தக் கையைத் தட்டிவிட்டார். ஸ்க்ரூடிரைவர் உருண்டு சுவரோரம் போய் விழுந்தது.

"கார்புரேட்டரைத் தொடாதீங்க. மூடியை மட்டும் லேசா திறங்க."

சொரிமுத்து டேங்க் மூடியைத் தளர்த்தினார். உஸ் என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது.

"மூடிட்டு இழுங்க."

ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி மூடியைத் தளர்த்தினார்கள், மறுபடி உஸ் என்றது, மறுபடி ஓடியது. மூடியைத் தளர்த்தியபடியே விட்டால் நிற்காமல் ஓடியது.

"பெட்ரோல் கீழ இறங்கினா அந்த இடத்துக்கு வெளியிலேருந்து காத்து போகணும். போகலைன்னா பெட்ரோல் எப்படி இறங்கும்? பட்டினி கிடந்த கார்புரேட்டரைப் போய் ஒரு வருசமா வைத்தியம் பாத்திருக்கீங்க," என்றார் குரு.

மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் காற்று போக ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். அந்த இடத்தில் வெள்ளையாக மெழுகு உறைந்திருந்தது.

"இதை யாரு அடைச்சது?"

கூடத்தில் நின்ற சீடர்கள் ஒருவரும் பேசவில்லை. மௌன வேளை.

குருவின் முகம் கறுத்தது. "மலை எரியுது. வாயைத் திறங்க," என்றார். அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

விளக்கேற்றும் வேலை பார்க்கும் மீனாட்சிசுந்தரம் முன்னால் வந்தார். பயந்து பயந்து சொன்னார். மெஷினைப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள். போன வருஷம் தியானத்தில் உட்கார்ந்தால் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது மூடியில் ஓட்டை தெரிந்தது. மூடி ஓட்டையாகிவிட்டது என்று நினைத்து, மெழுகுவத்தியைச் சாய்த்து இரண்டு சொட்டு விட்டு அடைத்திருக்கிறார்.

"இவரு ஒரு வருசமா இந்த மெஷினோட மல்லுக்கட்டுதாரு. இப்படிச் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"செஞ்ச சேவையை வாயால சொல்லக் கூடாதுல்லாம்மா."

"யாரு சொன்னா?"

மீனாட்சிசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கதான் சொன்னிய."

"அப்போ என்னைத்தான் செருப்பால அடிக்கணும்," என்றார் குரு.

சொரிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு வருஷ உழைப்பு, அம்பாசமுத்திரத்துக்கு அலைந்த அலைச்சல், வாசலில் நின்று வாங்கிய திட்டு, எல்லாம் இரண்டு சொட்டு மெழுகுக்காக. கை விரல்கள் மடங்கின. பிறகு வழக்கம்போல அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"சிரிக்காதீங்க," என்றார் குரு. "ஆடு வெந்து செத்திருக்கு."

சிரிப்பு போய்விட்டது. அதற்கு அடியில் இருந்த முகம் பார்க்கப் பயமாக இருந்தது. சொரிமுத்து மீனாட்சிசுந்தரத்தைப் பார்த்துக் கத்தினார். லாரிக்காரர் வாயில் என்னென்ன வருமோ அத்தனையும் வந்தது. மீனாட்சிசுந்தரம் அழுதுகொண்டே கேட்டார். குரு தடுக்கவில்லை. சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையிலிருந்த மெழுகைக் குத்தி எடுத்து, மூடியை ஊதித் துடைத்து மாட்டினார்.

"கத்தியாச்சுன்னா எடுத்துக்கிட்டுப் போங்க. பொழுது போகுது."

சொரிமுத்து மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினார். மெஷின் அதன் பிறகு நிற்கவில்லை. அவர் மேலிருந்து வெட்டிக்கொண்டு வர, ஆவுடை கீழிருந்து அரிவாளோடு ஏறி வந்தாள். மீனாட்சிசுந்தரமும் மற்றவர்களும் வெட்டிய புல்லை வாரி வாரி அப்புறப்படுத்தினார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் வந்தபோது ஆவுடை காறித் துப்பிவிட்டு வேறு பக்கம் திரும்பி வெட்டினாள். இருட்டுவதற்குள் சரிவு மொட்டையாகிவிட்டது.

மறுநாள் தீ இறங்கி வந்தது. சரிவின் தலைமாட்டில் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் கொஞ்ச நேரம் புகைந்து அணைந்தது. குடிசையும் மிச்ச ஆடுகளும் தப்பின.

அதற்கு அடுத்த நாள் காலை ஆவுடை வாசலுக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து எல்லோரும் கைகூப்பினார்கள்.

"இந்த வருசம் மட்டும் கை வந்துதோ?" என்றாள் ஆவுடை. "போன வருசம் எங்க போச்சு அந்தக் கை? என் சினையாடு வயித்துக் குட்டியோட வெந்து கிடந்துது. ஒருத்தராவது வந்து எட்டிப் பாத்தியளா? சாமியார் வேசம் போட்டா காது அவிஞ்சு போயிருமா?"

சொரிமுத்து விறுவிறுவென்று குருவிடம் போனார். கையெல்லாம் கொப்புளம். முகத்தில் கோபம் அப்படியே தெரிந்தது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

"பொழுது அடையுத வரைக்கும் வெட்டினேன். தீ நின்னுட்டு. அவ குடிசைக்கு ஒண்ணும் ஆகல. இன்னும் எதுக்கு வந்து கத்துதா? நாம அவகிட்ட இன்னும் என்னதாம்மா சொல்லணும்?"

குரு செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பியிருந்தார். அவருக்கும் கோபம்தான்.

"நாம சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு வருசமா அவதான் சொல்லுதா. நமக்குக் கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லணும், வாங்க."