தண்ணீர் எட்டிய கயிறு

தில்லைநாயகம் சிறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்துக் கைதிகள் குதிரைவால் முடியில் பின்னிய கடிவாளங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார். அந்த விஷயத்தில் தன்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்பது அவர் நினைப்பு.

அன்று இரண்டு கடிவாளங்களோடு மலையடிவார மடத்துக்கு வந்தார். அவருடைய குரு அருளம்மை அவரைவிட இருபது வயது இளையவர். மடத்துக் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, இது அசல். இது போலி. போலியைக் கொண்டுவந்த மருதப்பன், எங்க தாத்தா ஜெயில்ல பின்னினதுன்னு சத்தியம் பண்ணினான். நாலு பேர் முன்னாடி பொய்யன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவன் கண்ணு கலங்கினது மட்டும் மனசை விட்டுப் போகல. நான் சொன்னது சரிதானே?”

“போலின்னு எப்படித் தெரிஞ்சுது?”

“கைதிங்க அவங்க அறை ஜன்னல் கம்பியில ஒரு முனையைக் கட்டிட்டு, பின்னிக்கிட்டே பின்னால நகருவாங்க. முதுகு கதவுல இடிச்சா அதோட முடிஞ்சுது. என்கிட்ட இருக்கிற எல்லாக் கயிறும் அறை நீளம்தான். இது மட்டும் அதைவிட நீளம். நடுவுல ஒட்டு வேற.”

“முதல்ல அசலைக் குதிரைக்கு மாட்டுங்க. ஏறி உட்காருங்க.”

தில்லைநாயகம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்த பொருள் அது. ஆனால் குரு சொன்ன பிறகு மறுக்க முடியுமா? மாட்டினார், ஏறினார்.

குதிரை தாழ்வான தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் குனிந்தது. பாதியிலேயே கயிறு விறைத்தது. குதிரை தலையை வெட்டி இழுக்க, அவர் அதன் கழுத்தின் மேல் குப்புற விழுந்தார். நல்லவேளை, பார்க்க வேறு ஆள் இல்லை.

“இப்போ மத்தது.”

மாற்றினார். குதிரை குனிந்தது. அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். கயிறு கையில் தளர்வாகக் கிடக்க, குதிரை ஆசை தீரக் குடித்தது.

அவர் கயிற்றின் ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கையின் பின்னல். இதைக்கூடப் பார்க்காமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது.

“அறைக்குள்ள இருந்துக்கிட்டு இவ்வளவு நீளம் எப்படிம்மா?”

“முதுகுல கதவு பட்டதும் மத்தவங்க முடிச்சுப் போட்டுட்டாங்க. மருதப்பனோட தாத்தா திரும்ப ஜன்னலுக்குப் போய், புது முடி சேர்த்து ஆரம்பிச்சிருக்கார். குதிரைக்குத் தாகம் எடுக்கும்ங்கிற நினைப்பு இருந்திருக்கு.”

தில்லைநாயகம் இறங்கப் போனார். அருளம்மை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இறங்காதீங்க ஐயா. அந்த மருதப்பன் வீடு எந்தப் பக்கம்?”