பல்லைக் காத்த முசுறுப் படை

பலாக்காட்டில் சடையன் என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தான். அவனுடைய வலது கோரைப்பல்லைப் பார்த்தால் சிறுத்தைகூட ஒதுங்கி வழிவிடும். கிழங்கு தோண்டுவதும் அந்தப் பல்தான், எதிரியை மிரட்டுவதும் அந்தப் பல்தான். அது போனால் சடையன் வெறும் கறி. இது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

அதனால் பல்லுக்குக் காவல் போட்டிருந்தான். அவன் காதோர மயிரில் குடியிருந்த முசுறு எறும்புகளில் நாலைந்து பேர் தினமும் ஈறோரமாக ஒரு சுற்று வருவார்கள். பல்லிடுக்கில் புழு தென்பட்டால் கடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்களின் தலைவி செவ்வாயி ரொம்பக் கறாரானவள். தான் இருக்கும்வரை அந்தப் பல்லை எவனும் அசைக்க முடியாது என்று அடிக்கடி சொல்வாள்.

பலாப்பழக் காலம் வந்தது. சடையன் சுளையைப் பிசினோடு சேர்த்து விழுங்கினான். தின்றதெல்லாம் பல்லில் ஒட்டியது. பக்கத்து வளையில் முள்ளம்பன்றி ஒருத்தி இருந்தாள். பெயரில் மட்டும்தான் உறவு. தினம் ஒரு வேப்பங்குச்சியை மென்று துப்பு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கசக்கும் என்றான் சடையன். காவலுக்கு ஆள் இருக்கும்போது நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது அவன் கட்சி.

ஒட்டியது கல்லாக இறுகியது. அதன் அடியில் புழுக்கள் சொகுசாகக் குடியேறின. செவ்வாயி வந்து கடித்துப் பார்த்தாள். கல் அசையவில்லை, புழு எட்டவில்லை. வந்த ஆத்திரத்தில் எது தன் வாய்க்கு மெத்தென்று அகப்பட்டதோ அதைக் கடித்தாள். அது சடையனின் ஈறு.

ஈறு சிவந்து வீங்கி ரத்தம் கசிந்தது. சடையன் பதறிப்போய் விசாரித்தான். எதிரி பலமானவன், ஆள் போதவில்லை என்றாள் செவ்வாயி. எத்தனை பேரை வேண்டுமானாலும் கூட்டிக்கொள் என்று சொல்லிவிட்டான். நாலைந்து நாற்பதாயிற்று, நாற்பது நானூறாயிற்று. வந்தவர்கள் யாரும் கடமை தவறவில்லை. கடித்தார்கள், கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சினார்கள். ஈறு கரைந்தது, அடியிலிருந்த எலும்பும் அரிபட்டது. ஈறு விலக விலகப் புழுக்களுக்கு இடம் தாராளமாயிற்று.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. இப்போதாவது குச்சியை எடு என்றாள். ரத்தம் வருகிற இடத்தில் குச்சியை வைக்கச் சொல்கிறாயே என்று சடையன் எரிந்து விழுந்தான்.

"கல்லை எடுத்தா எறும்பு தானா அடங்கிடும். அதுங்க கடிக்கிறது புழுவை இல்லப்பா, உன்னை," என்றாள் முள்ளம்பன்றி.

சடையன் தன் படையைப் பார்த்தான். என்ன ஓட்டம், என்ன சுறுசுறுப்பு! இவ்வளவு பாடுபடுகிறவர்களைக் குறை சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ என்று அவளைத்தான் நொந்துகொண்டான்.

ஒரு காலையில் சிறுத்தை எதிரே வந்தது. சடையன் வழக்கம்போல் உறுமி, வலது பல்லால் மண்ணில் ஓங்கி ஒரு குத்து குத்தினான். பல் மண்ணிலேயே நின்றுவிட்டது. சடையன் மட்டும் நிமிர்ந்தான்.

சிறுத்தை பல்லைப் பார்த்தது. பிறகு சடையனைப் பார்த்தது. சடையன் அதற்குமேல் நிற்கவில்லை. விழுந்தடித்து ஓடி முள்ளம்பன்றியின் வளைக்குள் புகுந்தான். அவள் வாசலில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றதால் உயிர் தப்பியது.

நாலு நாளில் வீக்கம் வற்றியது. எறும்புகள் வரிசையாகக் காதோரத்துக்குத் திரும்பின. செவ்வாயி மிடுக்காக வந்து நின்றாள்.

"ஜெயிச்சுட்டோம்ங்க. அந்த இடத்துல இனி ஒரு புழு கிடையாது."

சடையன் பல் இருந்த பள்ளத்தை நாக்கால் தடவிப் பார்த்தான். அவள் சொன்னதில் பொய்யே இல்லை.

"இடது பல்லுக்கும் ஆள் அனுப்பட்டுங்களா?"

சடையன் முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பி, ஒரு வேப்பங்குச்சி கிடைக்குமா என்று கேட்டான்.

தான் செய்ய வேண்டிய சுத்தத்தைச் செய்யாமல் காவலை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவனுக்கு, அந்தக் காவலே வீட்டை இடித்துவிடும்.