தலைவரை யார் எடுத்துக்கொள்வார்கள்?

கோவில்பட்டியில் ஒரு ஹாக்கி அணி. அதை நடத்தும் சங்கத்தின் தலைவர் சங்கரபாண்டியன், அரையிறுதிக்கு முன்னால் கோல்கீப்பரை எட்டயபுரம் அணிக்குக் கொடுத்து ஒரு ஃபார்வர்டை வாங்கிவந்தார். அது லாபமா நஷ்டமா என்று டீக்கடையில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போட்டார்கள்.

"ரெண்டு கட்சியும் ஒத்துக்கிற மாதிரி ஒரு ஆள் மாற்றம் சொல்லுங்க. சொல்லிட்டா கோல்கீப்பரைத் திருப்பிக் கூப்பிடுறேன்" என்றார் அங்கே வந்த தலைவர் இளக்காரமாக.

மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் முப்பிடாதி, "கோல்கீப்பரை வாங்கிக்கிட்டு உங்களைக் கொடுத்துரலாம் ஐயா" என்றான்.

இரண்டு கட்சியும் சேர்ந்து கைதட்டியது.

தலைவருக்கு முகம் சுண்டிப்போனது. "என்னை அவங்க எடுத்துக்குவாங்களாடா?"

"கேட்டுப் பார்த்துட்டேன் ஐயா. கூட ரெண்டு நல்ல ஆட்டக்காரங்களையும் கொடுத்தா யோசிக்கிறாங்களாம்."

மறுநாளே கோல்கீப்பர் திரும்பி வந்தான். அந்த வாரம் முழுக்க யார் போன் செய்தாலும், "எட்டயபுரமா?" என்றுதான் தலைவர் முதலில் கேட்டார்.