நெற்றுகளுக்கு ஓர் ஆணை

முன்னொரு காலத்தில், பயறு தன் இஷ்டத்துக்கு வெடித்துக்கொண்டிருந்த நாளில், ஒரு மன்னர் இருந்தார். தாம் சொன்னால் காற்றும் கேட்கும் என்பது அவர் எண்ணம். ஒருநாள் அரண்மனைப் பயற்று வயலோரம் பல்லக்கை இறக்கச் சொல்லிக் கண்ணயர்ந்தார். வெயில் ஏறியது. முற்றிக் காய்ந்த நெற்றுகள் பட்பட்டென்று வெடிக்க, ஒரு பயறு பறந்துவந்து அரச மூக்கின்மேல் விழுந்தது.

மன்னர் எழுந்து உட்கார்ந்தார். இனி என் நாட்டில் அறுவடைக்கு முன் எந்த நெற்றும் வெடிக்கக் கூடாது என்று ஆணையிட்டார்.

களஞ்சிய அதிகாரி மழவராயர் இப்படி ஒரு நாளுக்குத்தான் காத்திருந்தார். விகடகவி வீரட்டன்மேல் அவருக்குத் தீராத பொறாமை. மன்னர் இவரிடம் கணக்குக் கேட்பார், அவனிடம் கதை கேட்பார்.

"மன்னா, இந்த ஆணையை நிறைவேற்றும் அறிவு வீரட்டனுக்கே உண்டு. தவறினால் அவன் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

மன்னர் மூன்று போகம் தவணை கொடுத்தார்.

செய்தி கேட்ட வீரட்டனின் மனைவி உலகம்மை, அவன் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பாசிப்பயறோட மல்லுக்கு நின்னு ஊரைவிட்டுப் போன மொத ஆளு நீங்கதான்."

அவன் சோற்றை விட்டு வாசலைப் பார்த்தான். பிறந்த ஊர், இந்த வீடு, அவள் நட்டு வளர்த்த முருங்கை எல்லாம் போய்விடும்.

மறுநாள் வயலில் போய் உட்கார்ந்து ஒரு நெற்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். மேல்தோலாக இரண்டு தோடு, நடுவே ஒரு தையல். காயக் காயத் தோடு இரண்டும் முறுக்கிக்கொள்ளத் துடித்தன. தையல் முடிந்தவரை தாங்கியது. பிறகு விட்டுவிட்டது. பயறு தாயின் நிழலைத் தாண்டிப் போய் விழுந்தது. நடக்க முடியாத செடி, பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பக் கண்டுபிடித்த வழி. அடக்க வந்தவன் அதை வியந்து வெகுநேரம் அங்கேயே இருந்தான்.

வயல் முழுக்க வெடித்து ஓய்ந்தபோது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் மட்டும் வாய் திறக்காமல் நின்றன. அவற்றில் ஒரு நெற்றுகூட வெடித்திருக்கவில்லை. குணம் நெற்றுக்கு நெற்று மாறவில்லை, செடிக்குச் செடி மாறியது. அப்படியானால் பிறப்போடு வந்த குணம், பிள்ளைகளுக்கும் போகும். வீரட்டன் நேரே அவைக்குப் போனான்.

"மன்னா, ஆணையை மீறிய குடிமகனுக்குத் தங்கள் சட்டத்தில் என்ன?"

"நாடு கடத்தல்."

"கேட்டு நடந்தவனுக்கு?"

"நிலம்."

"பயறும் தங்கள் குடிதானே. அதே சட்டத்தை அதற்கும் நடத்த அனுமதி வேண்டும்."

அவை சிரித்தது. மன்னர் தலையசைத்தார்.

வீரட்டன் சட்டத்தை ஒரு சொல் பிசகாமல் நடத்தினான். வெடித்துச் சிதறிய பயற்றைக் கூட்டி அள்ளி, எல்லைக்கு அப்பால் காட்டில் கொட்டினான். வெடிக்காத செடிகளின் பயறு ஒரு கைப்பிடிதான் தேறியது. அதற்கு அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பாத்தியை மானியமாக விட்டு, தண்டோராவும் போட்டான். அடுத்த போகத்தில் பாத்தியில் பெரும்பாலானவை வெடிக்கவில்லை. சில மட்டும் தாத்தன் புத்தியைக் காட்டின. அவற்றையும் காட்டுக்கு அனுப்பினான். மூன்றாம் போகத்தில் வெடிக்காத பயறு ஒரு சிறுவயல் நிறைய நின்றது.

அறுவடையன்று விடிந்ததும் மன்னர் வந்தார். வயல் அமைதியாக இருந்தது. அறுத்த செடிகளைக் களத்தில் குவித்தார்கள்.

"பனி ஈரத்தில் எந்த நெற்றும் வெடிக்காது, மன்னா. உச்சிவெயில் வரட்டும்" என்றார் மழவராயர்.

சொல்லும்போதே அவர் கை மடியைப் பிடித்திருந்தது. வீரட்டன் அதைக் கவனித்தான். அவரை விட்டு நகரவில்லை. அவர் குவியல் பக்கம் போனால் கூடவே போய் உடல்நலம் விசாரித்தான். மரநிழலுக்கு ஒதுங்கினால், இங்கிருந்து களம் தெரியாதே என்று வெயிலுக்கு அழைத்துவந்தான்.

உச்சிவெயில் வந்தது. குவியல் வாய் திறக்கவில்லை. மழவராயரின் மடிதான் பட்பட்டென்று வெடித்தது. அவர் துள்ளத் துள்ளப் பயறு உருண்டு மன்னர் காலடிக்கு வந்தது.

"மன்னா, குவியலில் ஆணையை மீறியது எதுவும் இல்லை. நாடு கடத்தியவற்றின் பிள்ளைகள் சில, இந்தக் குவியலில் கலந்துகொள்ளக் காட்டிலிருந்து களஞ்சிய அதிகாரியின் மடியில் ஏறித் திரும்பி வந்திருக்கின்றன" என்றான் வீரட்டன்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குவியலிலிருந்து ஒரு நெற்றை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார்.

"இது எப்போதுதான் திறக்கும்?"

"தாங்கள் அடிக்கும்போது. தன்னைத் தானே விதைத்துக்கொள்ள இதற்கு இனி வழியில்லை, மன்னா. தாங்கள் விதைக்க மறந்தால் இதன் வம்சமே போய்விடும்."

மன்னரின் சிரிப்பு நின்றது. நெற்றை உள்ளங்கையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"ஆணையிட்டது நான். கட்டுப்பட்டவனும் நானேதானா?" என்று கேட்டவர், முன்னிலும் பலமாகச் சிரித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்து வீரட்டனுக்குப் போர்த்தினார். அந்த வயலையும் அவனுக்கே எழுதச் சொன்னார். மழவராயரை நாடு கடத்தவா என்று அவனையே கேட்டார்.

"வேண்டாம், மன்னா. இவ்வளவு நெற்றையும் அடித்து உடைக்க ஆள் வேண்டுமே" என்று சொல்லி, வீரட்டன் ஒரு தடியை எடுத்து மழவராயரிடம் மரியாதையாக நீட்டினான்.