மாசிலாமணி இலை மடித்த நாள்

மலையடிவார மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் கடைசி ஆள் இலையை மடிக்கும்வரை ஒருவரும் எழக்கூடாது.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் மாசிலாமணிதான். வயது ஐம்பத்தெட்டு. சீடர்களில் பெரியவர், எல்லா வகையிலும். அறுபது இட்லி உள்ளே போன பிறகுதான் சட்னி எப்படி என்று ருசி பார்ப்பார். அவருக்காகக் காத்திருந்தே நாலு பேருக்குத் தாடி முளைத்தது. அதில் ஒருவர் அன்று காலைதான் சவரம் செய்தவர்.

குருவுக்கு முப்பத்தாறு வயது. அவர் ஒன்றும் சொன்னதில்லை. மடத்தில் முதலில் சேர்ந்த சீடர் சிற்றம்பலம்தான் ஐப்பசியில் கெடு வைத்தார்.

"பங்குனிக்குள்ள நாக்கை அடக்கும். இல்லேன்னா மூட்டையைக் கட்டும்."

மாசிலாமணி பட்டினி கிடந்து பார்த்தார். வாயில் துணி கட்டிப் பார்த்தார். துணியைக் காணோம்.

அப்புறம் என்னவோ, அறுபது நாற்பதாகி, நாற்பது பதினைந்தானது. ஆனாலும் கடைசி இலை அவருடையதே.

பங்குனியின் கடைசி நாள். ஐந்தாவது இட்லி வந்தபோது மாசிலாமணி இலைமேல் கையை விரித்து மறித்தார்.

"போதும்."

பரிமாறியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "யாரு பேசினது?"

இலை மடிந்தது. பந்தியே ஆரவாரித்தது. அந்த வேகத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் மடித்தார்கள். மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. ஆனால் பொய் சொல்ல அவருக்கு வராது; குருவைப் பார்த்துச் சொன்னார்.

"சாமி, இது என் சாமர்த்தியம் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா வாரம் ஒரு ஊசி போடுறாங்க. சாப்பிட்டா குடல்ல ஒண்ணு சுரந்து, மூளைக்குப் போய் 'போதும்'னு சொல்லுமாம். எனக்கு அந்தக் குரல் கேட்டதே இல்லை. ஊசி அதையே உரக்கச் சொல்லுது. நான் பசியை அடக்கலை, சாமி. அதுவா அடங்கிடுச்சு."

சிற்றம்பலம் துள்ளினார். "கேட்டீங்களா! ஊசியில வந்ததெல்லாம் அடக்கமா? கிளம்பச் சொல்லுங்க."

குரு அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க தினம் ஆறு இட்லியோட நிறுத்துறீங்களே, எப்படி?"

"பசி அடங்கிடும், சாமி."

"அடங்கிடுமா, அடக்குவீங்களா?"

சிற்றம்பலம் ஒரு விள்ளல் இட்லியைச் சட்னியில் தோய்த்தார்.

"அடங்கிடும்," என்றார், சட்னியைப் பார்த்துக்கொண்டு.

மாசிலாமணி மெல்லக் கேட்டார். "அப்போ என் மூட்டை, சாமி?"

"அது இங்கேயே கிடக்கட்டும்," என்றார் குரு. "சிற்றம்பலம், உங்க இலை ஒண்ணுதான் இன்னும் விரிஞ்சு கிடக்கு. சீக்கிரம் மடிங்க. மாசிலாமணி ஐயா காத்துக்கிட்டிருக்கார்."