மணல் மேசையில் நாலு விரல்

நெடுவேள் என்று ஓர் அரசன். எந்தப் போரையும் முதலில் மேசையில் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் களத்துக்குப் போவான். மண்டபத்தின் நடுவே பெரிய மேசை. அதில் மணலால் மேடும் பள்ளமும் சதுப்பும். அதன்மேல் வெண்கலத்தில் வார்த்த சின்னஞ்சிறு வீரர்கள். இருபக்கப் படைகளும் தராசில் சமமாக நின்றால்தான் ஆட்டம் தொடங்கும். அந்த எடைக்குள் யாரை எத்தனை பேர் எடுப்பது என்பது ஆடுபவர் இஷ்டம்.

அரசனுக்குக் கவசக் காலாட்கள் என்றால் உயிர். தலை முதல் முழங்கால் வரை இரும்பு, கையில் ஆளுயரக் கேடயம். அவர்களுடைய பொம்மைகளும் அப்படியே கனம். ஒவ்வொன்றும் நிற்கும் பீடமே நாலு விரல் அகலம். பத்து பொம்மைகளை வைத்ததும் அரசனின் தட்டு தரை தட்டியது. அதற்குச் சமமாக எதிர்த்தட்டில், எதிரிக்காக ஆட வந்த மருதி அறுபது வில்லாட்களை அள்ளிப் போட வேண்டியிருந்தது. அவர்களின் பீடம் ஒரே விரல் அகலம்.

மருதி சதுப்பு நாட்டில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அரசன் இப்போது படையெடுக்க நினைத்ததும் அந்தச் சதுப்பு நாட்டின் மீதுதான். “எதிரி எப்படி அடிப்பான்னு தெரிஞ்சவளே எதிரிக்கு ஆடட்டும்” என்று அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். அரசனின் பொம்மைகள் சதுப்பைக் கடந்துவிட்டால் விடிந்ததும் நிஜப்படை கிளம்பும். கடக்காவிட்டால் போர் இல்லை. நிஜமான கவசப்படையின் முதல் வரிசையில் அவள் கணவன் விருமன் இருந்தான்.

சதுப்புக்கு மேலே எதிரியின் ஏரி. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நடுவர் அம்பலவாணர் தொட்டியில் மிதக்கும் கிண்ணத்தில் ஒரு கூழாங்கல் போடுவார். கிண்ணம் மூழ்கினால் ஏரியின் மதகு திறந்துவிட்டதாக அர்த்தம். அப்போது சேற்றில் நிற்கும் பொம்மைகள் அத்தனையும் செத்த கணக்கு. இரும்பைப் போட்டுக்கொண்டு வெள்ளத்தில் யார் நீந்துவது?

நடுவர் வழக்கம்போல் விதிகளைச் சொன்னார். “ஒரு நகர்வுக்கு ஒரு தடி தூரம். பொம்மையோட முன்விளிம்புல அளவுத் தடியை வைக்கணும். தடி முடியற இடத்துக்கு அதே முன்விளிம்பு வரணும். ஒரு பக்கத்துக்கு நான் தடுக்காத நகர்வு மறுபக்கத்துக்கும் செல்லும்.”

அரசன் வாளை உருவி மேசைமேல் வைத்தான். “தெரிஞ்சே பொய்யா நகர்த்துறவங்க யாரா இருந்தாலும் சரி, தலை தப்பாது. இது சபதம்.”

அம்பலவாணர் அந்த வாளைப் பார்த்தார். முன்பிருந்த நடுவர் ஒருமுறை அரசனைப் பார்த்து “தப்பு” என்று சொன்னவர். மறுநாள் முதல் அவரைக் கண்டவர் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் முறை மருதிக்கு, அடுத்தது அரசனுக்கு. அரசன் தடியை முன்விளிம்பில் சரியாகத்தான் வைத்தான். ஆனால் ஆர்வத்தில் பொம்மையை எடுத்து, தடி முடியும் இடத்தில் அதன் பின்விளிம்பு வருமாறு நிறுத்தினான். ஒவ்வொரு நகர்வுக்கும் பீடத்தின் அகலம் முழுதும் லாபம். அவன் முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. விளையாட்டுப் பிள்ளையின் சந்தோஷம்தான் இருந்தது.

மருதி அதைக் கவனித்தாள். மேசையில் நாலு விரல் நாலு விரலாகத் திருடிக் கரையேறிவிடலாம். நிஜச் சேற்றில் அந்த நாலு விரலை யார் தருவார்கள்? நடுவரைப் பார்த்தாள். அவரும் அந்த நகர்வைப் பார்த்துவிட்டார். கூழாங்கல்லைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

வாய் திறந்தால் எதிரி நாட்டுக்காரி அரசனைத் திருடன் என்கிறாள் என்றாகிவிடும். திறக்காவிட்டால் விருமன் திரும்ப மாட்டான். கிண்ணம் தாழ்ந்துகொண்டே வந்தது. கவச வீரர்கள் கரைக்கு இன்னும் ஒரே நகர்வு.

புதிய சுற்றில் மருதியின் முறை வந்தது. எதிரிகள் யாருமே இல்லாத ஒரு மூலையில் நின்ற வில்லாளை எடுத்தாள். அரசன் கண்ணெதிரே தடியை வைத்து, பின்விளிம்பு தடிமுனைக்கு வருமாறு பொம்மையை மெதுவாக நிறுத்தினாள். ஒரே ஒரு விரல் லாபம்.

“நிறுத்து!” அரசன் எழுந்தே விட்டான். “தடியைத் தாண்டியா வைக்கிற? தெரிஞ்சுதானே செஞ்ச?”

“தெரிஞ்சுதான் செஞ்சேன், மகாராஜா” என்றாள். “நீங்க நகர்த்தின மாதிரியேதான் வச்சேன்.”

அரசன் தன் கையிலிருந்த தடியைப் பார்த்தான். பிறகு நடுவரைப் பார்த்தான். “நீர் கவனிச்சீரா?”

“முதல் நகர்விலேயே கவனிச்சுட்டேன், மகாராஜா.”

தப்பாக வந்த தூரம் அளவுக்கு அரசனின் பொம்மைகள் பின்னுக்கு நகர்த்தப்பட்டன. அரசன் தன் முறைக்குச் சரியாக அளந்து நகர்த்தியும் பத்தும் சதுப்பின் நடுவேதான் நின்றன. நடுவர் அடுத்த கல்லைப் போட்டார், கிண்ணம் மூழ்கியது. போர் நின்றது. ஆனால் சபதம் நிற்கவில்லையே! வாள் மேசைமேல் அப்படியே கிடந்தது. தப்பாக முதலில் நகர்த்தியவன் அரசன். தெரிந்தே தப்பாக நகர்த்தியவள் மருதி. தெரிந்தும் வாய் மூடியிருந்தவர் நடுவர். சொல்லுங்கள், சபதப்படி யார் தலை விழ வேண்டும்? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சபதப்படி யார் தலையும் விழாது. அரசன் பொய்யாக நகர்த்தினான். ஆனால் தெரிந்து செய்யவில்லை. மருதி தெரிந்து நகர்த்தினாள். ஆனால் நடுவர் ஒரு பக்கத்துக்குத் தடுக்காத நகர்வு மறுபக்கத்துக்கும் செல்லும் என்பதால் அது பொய் நகர்வு ஆகாது. நடுவர் எதையும் நகர்த்தவே இல்லை. சரியாக நடந்துகொண்டவள் மருதிதான். தனக்கு ஒரு பயனும் இல்லாத மூலையில் ஒரு விரல் தப்பை எல்லார் கண்ணெதிரிலும் செய்து, அரசன் தன் தப்பைத் தானே பார்க்கும்படி செய்தாள். குற்றவாளி நடுவர்தான் என்று நீங்கள் சொல்லலாம். அரசனும் அப்படித்தான் நினைத்தான். வாளை உறையில் போட்டுவிட்டு, “பேசுறதுதானே உம்ம வேலை? ஏன் பேசல?” என்று அதட்டினான். அம்பலவாணர் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். “எனக்கு முன்னால இங்க இருந்த நடுவர் எங்கே, மகாராஜா?” என்று கேட்டார்.